கேட்டு எழுதியவர்களும் கேளாமல் விட்டவர்களும்



எங்கள் பிள்ளைகளில் பலர் இப்போது 'பிஸ்னஸ் அனலிஸ்ட்' என்றொரு உத்தியோகம் பார்க்கிறார்கள். "அது என்ன வேலை தம்பி?" என்று கேட்டால், "ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு, எழுதி, ஆராய்ந்து, மென்பொருள் செய்கிறவர்களிடம் கொடுக்கிற வேலை" என்பார்கள். "கேட்டு எழுதிறதுக்கும் ஒரு சம்பளமோ?" என்று எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள். டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற மூன்றையே உத்தியோகமென்று அறிந்து வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு வேலையாகவே தெரிவதில்லை.

நான் வணிகமாணிப் பட்டம் பெற்று, முப்பது வருடமளவில் கணக்கு வேலை செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேட்டு எழுதுவது ஒரு பெரிய வேலை. அதை ஒழுங்காகச் செய்த ஒரு நிறுவனம் கணினி வரலாற்றிலேயே இடம் பிடித்தது. அதைச் செய்யத் தவறிய ஓர் அரசாங்கத் திணைக்களம், பல்லாயிரம் பேருடைய சம்பளத்தைக் குழப்பியது. முதலாவது கதை 1951 இல் லண்டனில் நடந்தது. இரண்டாவது 2010 இல் நாம் வாழும் இதே அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தது. இரண்டிலுமே சம்பளக் கணக்கு வருகிறது. ஆகையால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தமென்று நினைக்கிறேன்.

தேநீர்க்கடைக்காரர் செய்த கணினி

லண்டனில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. 1894 இல் பிக்கடிலி வீதியில் தனது முதலாவது தேநீர்க்கடையைத் திறந்தது. பின்னர் கடைகளின் தொகை இருநூறைத் தாண்டியது. பாண், கேக், பை, ஐஸ்கிறீம் எல்லாம் அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. தலைமையகமும் பெரிய பேக்கரிகளும் மேற்கு லண்டனில் ஹமர்ஸ்மித் பகுதியில் 'கட்பி ஹோல்' என்ற இடத்தில் இருந்தன.

இந்த வியாபாரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கோப்பைத் தேநீரிலோ ஒரு துண்டுக் கேக்கிலோ கிடைக்கும் இலாபம் ஒரு பென்னியின் சிறு பங்குதான். அப்படிப்பட்ட சின்னஞ்சிறு விற்பனைகள் கணக்கற்ற அளவில் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் துண்டு எழுத வேண்டும், பதிய வேண்டும், கூட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும். எழுத்து வேலைக்கு ஆகும் செலவே இலாபத்தைத் தின்றுவிடக் கூடிய நிலை.

1923 இல் ஜோன் சிமன்ஸ் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அலுவலக வேலையையும் ஒரு தொழிற்சாலை வேலையைப் போல ஆராய்ந்து திருத்தலாம் என்பது அவருடைய எண்ணம். 1930 களின் தொடக்கத்தில் 'சிஸ்டம்ஸ் றிசேர்ச் ஒஃபிஸ்' என்றொரு பிரிவு அங்கே அமைக்கப்பட்டது. அலுவலக நடைமுறைகளை ஆராய்வதே அதன் வேலை. ஒரு பகுதியில் என்ன எழுதுகிறார்கள், ஏன் எழுதுகிறார்கள், எழுதியதை யார் பார்க்கிறார், பார்த்து என்ன முடிவெடுக்கிறார் என்பவற்றையெல்லாம் கேட்டறிந்து, தேவையில்லாததை நீக்கி, தேவையானதை எளிதாக்குவது.

அப்போது உலகில் எங்குமே கணினி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்கும் பழக்கம் அந்த நிறுவனத்தில் முதலில் வேரூன்றியது. இயந்திரம் ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947 இல், ரேமண்ட் தொம்சன், ஒலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற தமது முகாமையாளர் இருவரை லயன்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்குள்ள அலுவலகங்களில் என்ன புதுமை நடக்கிறது என்று பார்த்து வருவது நோக்கம். அலுவலக நடைமுறைகளில் அவர்கள் பெரிதாக எதையும் புதிதாகக் காணவில்லை. ஆனால் போர்க்காலத்தில் உருவான மின்னணுக் கணிப்பு இயந்திரங்களைப் பற்றி அறிந்தார்கள். பிறின்ஸ்டனில் ஹேர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார்கள். உங்களுடைய கேம்பிரிட்ஜிலேயே மொறிஸ் வில்க்ஸ் அப்படியொரு இயந்திரத்தைச் செய்துகொண்டிருக்கிறார் என்று அவர்தான் தெரிவித்தார்.

ஊர் திரும்பியவர்கள் கொடுத்த அறிக்கையை ஏற்று, கேம்பிரிட்ஜ் முயற்சிக்கு லயன்ஸ் சுமார் 3,000 பவுண் பணமும், உதவிக்கு ஓர் ஆளும் கொடுத்தது. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. அதை மாதிரியாக வைத்து, ஜோன் பிங்கேர்ட்டன் என்ற பொறியியலாளரை அமர்த்தி, லயன்ஸ் தானே ஒரு கணினியைக் கட்டியது. அதன் பெயர் லியோ. 'லயன்ஸ் எலெக்ட்ரோனிக் ஒஃபிஸ்' என்பதன் சுருக்கம். சுமார் 6,000 வால்வுகளும் நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்களுமாக ஒரு பெரிய அறையை நிறைத்த இயந்திரம். 1951 நவம்பர் இறுதியில் பேக்கரி உற்பத்தியின் மதிப்பை வாராவாரம் கணக்கிடும் வேலையை அது முறையாக ஏற்றுக்கொண்டது. ஒரு வியாபார நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கணினி தொடர்ந்து செய்தது உலகில் அதுவே முதல் தடவை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

கமினர் செய்த வேலை

இயந்திரத்தைக் கட்டிய பொறியியலாளர்களின் பெருமை ஒருபுறமிருக்க, நான் இன்று சொல்ல விரும்புவது டேவிட் கமினர் என்பவரைப் பற்றி. 1915 இல் பிறந்தவர். 1936 இல் லயன்ஸில் முகாமைத்துவப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். போருக்குப் போய், 1943 இல் துனீசியாவில் ஒரு காலை இழந்து திரும்பியவர். சிமன்ஸ் வளர்த்த அந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, பிறகு லியோவில் ஏற்றப்படும் வேலைகளையெல்லாம் திட்டமிட்டார். 'பிஸ்னஸ் அனலிஸ்ட்' என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே அந்த வேலையைச் செய்தவர். 2008 இல் அவர் காலமானபோது, உலகின் முதலாவது வணிகக் கணினி முறை ஆய்வாளர் என்றே அவரை நினைவுகூர்ந்தார்கள்.

அவருடைய குழுவுக்கு ஆட்களைப் பெரும்பாலும் லயன்ஸ் அலுவலகங்களிலிருந்தே தெரிந்தெடுத்தார்கள். மேரி கூம்ஸ் என்ற பெண் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றவர். லயன்ஸில் இலிகிதராக இருந்தவர். 1952 இல் லியோவுக்கு வந்து, வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதற் பெண்களில் ஒருவரானார். ஃபிராங்க் லாண்ட் என்பவர் ஜேர்மனியிலிருந்து 1939 இல் தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவரும் 1952 இல் லயன்ஸில் சேர்ந்து லியோவுக்கு வந்தார். பின்னர் இதே துறையில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அகதியாக வந்தவர் இலிகிதர் மேசையிலிருந்து பேராசிரியர் நாற்காலிக்குப் போன கதை எங்கள் நேயர்களுக்குப் பிடிக்குமென்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு அலுவலக வேலை உள்ளும் புறமும் தெரியும். அதனால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

கேட்டறிவதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு வேலையையும் படிப்படியாகப் பெரிய தாள்களில் வரைபடமாக எழுதினார்கள். இது இப்படியிருந்தால் என்ன செய்வது, அது வராவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு கிளையையும் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தார். எங்கள் கணக்காய்வுத் தொழிலில் ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதே விதி அங்கேயும் இருந்தது.

தேநீர்க்கடைகளின் தினசரிக் கட்டளையை அவர்கள் கையாண்ட விதம் ஒரு நல்ல உதாரணம். ஒவ்வொரு கடையின் முகாமையாளரும் மறுநாளைக்கு எத்தனை பாண், எத்தனை கேக், எத்தனை பை வேண்டுமென்று தினமும் படிவங்களில் எழுதி அனுப்புவது பழைய வழக்கம். கணினி வந்துவிட்டதே என்று அதே படிவங்களை அப்படியே இயந்திரத்தில் ஏற்றியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கட்டளைகளை ஆராய்ந்தபோது, ஒரு கடைக்குச் செவ்வாய்க்கிழமை வேண்டியது பெரும்பாலும் ஒவ்வொரு செவ்வாயும் வேண்டியதுதான் என்பது தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிலையான கட்டளையை எழுதி வைத்துக்கொண்டார்கள். பிற்பகலில் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். முகாமையாளர் அன்றைய மாற்றத்தை மட்டும் சொல்வார். அழைத்தவர் கேட்டுக்கொண்டே அதைத் துளை அட்டையில் பதிவார். அதன்படி லியோ அன்றிரவு பொதி செய்ய வேண்டிய பட்டியல்களை அச்சிட்டுக் கொடுக்கும்.

கேட்டதை அப்படியே எழுதினால் பழைய படிவம் புதிய இயந்திரத்தில் ஏறும், அவ்வளவுதான். எழுதியதை ஆராய்ந்தால்தான் உண்மையான தேவை வெளிவரும். அந்த முகாமையாளருக்குத் தேவைப்பட்டது, மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்ல ஒரு வழி.

சம்பளக் கணக்கில் அவர்கள் இன்னும் கவனமாக இருந்தார்கள். சம்பளத்திலிருந்தே வருமான வரியைக் கழிக்கும் முறை பிரித்தானியாவில் 1944 இல் வந்தது. அதற்கு மேல் வேறு கழிவுகள். பணமோ பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண் என்ற பழைய கணக்கு. தரவை உள்ளிடுவதற்கும் வெளியிடுவதற்கும் முதலில் திட்டமிட்ட காந்த நாடாக் கருவிகள் சரிவரவில்லை. அவற்றைக் கைவிட்டுத் துளை அட்டைக்கும் காகித நாடாவுக்கும் மாறினார்கள். அதனால் சம்பள வேலை இரண்டு வருடத்துக்கு மேல் பிந்தியது. பிந்தினாலும் அவசரப்படவில்லை. இயந்திரம் போட்ட சம்பளத்தை இலிகிதர்கள் போட்ட சம்பளத்தோடு ஒப்பிட்டு, சரியென்று கண்ட பிறகே 1954 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதை லியோவிடம் ஒப்படைத்தார்கள். அனுபவமுள்ள ஓர் இலிகிதருக்கு ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரைச் செக்கன்.

முதலாவது லியோ 1965 ஜனவரி வரை வேலை செய்தது. லயன்ஸின் கணினித் தொழில் 1963 இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு சேர்ந்து, பிறகு பெரிய நிறுவனங்களுக்குள் கரைந்துபோனது. தேநீர்க்கடைகளும் இப்போது இல்லை.

கல்லாவுக்குக் கீழே ஒரு கொப்பி

ஏன் இவ்வளவு கேட்க வேண்டும், முதலாளியிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடைக்குப் புதிய கணினிமுறை போடப்போகிறார்கள். முதலாளியிடம் கேட்டால், விற்பனை எல்லாம் காசு, இல்லாவிட்டால் கார்ட் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கல்லாவுக்குக் கீழே ஒரு கொப்பி இருக்கும். தெரிந்த குடும்பங்கள் சம்பளம் வரும்வரை கடனாக வாங்கிய அரிசியும் மீனும் அதில் எழுதியிருக்கும். கல்லாவில் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கொப்பி இல்லாமல் ஒரு நாளும் போகாது. புதிய முறையில் அதற்கு இடமில்லையென்றால், முதல் வெள்ளிக்கிழமையே கணக்கு உதைக்கும்.

முதலாளி மறைத்ததால் வந்த வினையல்ல இது. அந்தக் கொப்பி அவருக்கு அவ்வளவு பழகிப்போன ஒன்று. சொல்ல வேண்டிய விடயமாகவே அவருக்குத் தோன்றுவதில்லை. வேலையில் மிக முக்கியமானவை பல இப்படித்தான் இருக்கின்றன. செய்கிறவருக்குக் கை பழகியிருக்கும், வாய்க்கு வராது. பக்கத்தில் நின்று பார்த்து, "இது என்ன கொப்பி?" என்று ஒருவர் கேட்டால்தான் வெளியே வரும்.

கணினி உலகம் இதைப் பெரும் செலவில் கற்றுக்கொண்டது. 1968 இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. மென்பொருள் வேலைகள் காலத்துக்கு முடிவதில்லை, செலவு கட்டுக்கடங்குவதில்லை, முடிந்தாலும் வேண்டியபடி இருப்பதில்லை என்ற கவலை அங்கே பேசப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் வேலையொன்றை நடத்திய ஃபிரெடெரிக் புறூக்ஸ், மென்பொருள் செய்வதில் மிகக் கடினமான பகுதி எதைச் செய்ய வேண்டும் என்று துல்லியமாகத் தீர்மானிப்பதே என்று 1980 களில் எழுதினார். பாறி போம் என்ற அறிஞர் 1981 இல் வெளியிட்ட நூலில், தேவையில் உள்ள பிழையைத் தொடக்கத்திலேயே திருத்துவதை விட, வேலை முடிந்தபின் திருத்துவதற்குப் பல மடங்கு செலவாகும் என்று காட்டினார். 2003 இல் கனடாவின் டொரொன்டோ நகரில் இந்த வேலை செய்வோருக்கென ஒரு சர்வதேச நிறுவகமும் அமைந்தது.

ஆகவே 2010 அளவில் இது யாரும் அறியாத இரகசியமல்ல. புத்தகத்தில் இருந்தது. பட்டப்படிப்பில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு குயின்ஸ்லாந்துக் கதைக்கு வருவோம்.

குயின்ஸ்லாந்தில் நடந்தது

குயின்ஸ்லாந்து சுகாதாரத் திணைக்களத்தின் வைத்தியசாலைகளில் அப்போது சுமார் 78,000 பேர் வேலை செய்தார்கள். வைத்தியர், தாதியர், துப்புரவுத் தொழிலாளர், சமையற்காரர் என்று எல்லோருக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சம்பளம். இந்தச் சம்பளக் கணக்கு சாதாரணமானதல்ல. 13 தொழில் விருதுகள், அதாவது சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் வரையறுக்கும் சட்ட ஆவணங்கள் இருந்தன. அவற்றோடு பல தொழில் உடன்படிக்கைகள். 200 க்கு மேற்பட்ட கொடுப்பனவுகள். இவையெல்லாம் சேர்ந்தால் 24,000 அளவிலான வெவ்வேறு சம்பளச் சேர்க்கைகள் வரும் என்று மாநிலக் கணக்காய்வாளர் நாயகம் 2010 இல் குறிப்பிட்டார்.

பழைய சம்பள மென்பொருளுக்கு அதைச் செய்த நிறுவனத்தின் ஆதரவு 2008 ஜூன் மாதத்தோடு முடிய இருந்தது. ஆகவே அவசரம் பிறந்தது. 2007 டிசம்பரில் ஐ.பி.எம். அவுஸ்திரேலியாவோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்தது. சுகாதாரத் திணைக்களத்துக்கு இடைக்கால ஏற்பாடாக ஒரு சம்பள முறை, விலை சுமார் 6 மில்லியன் டொலர், 2008 நடுப்பகுதியில் ஆயத்தமாக வேண்டும் என்பது திட்டம். 'இடைக்காலம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இடைக்காலம்தானே, மிகக் குறைந்த அளவு போதும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. ஆனால் இரவு வேலை செய்த தாதிக்கு இடைக்காலச் சம்பளம் என்று ஒன்றில்லை. அவர் செய்த வேலைக்கு உரிய சம்பளம்தான் உண்டு.

திணைக்களத்தின் தேவைகள் முழுமையாகக் கேட்டு எழுதப்படவில்லை. வேலை தொடங்கிய பிறகு, இது விட்டுப்போயிற்று, அது விட்டுப்போயிற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒப்பந்தத்தில் இருந்ததா இல்லையா என்று இரு தரப்பும் வாதாடின. தவணை திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் 2010 மார்ச் 14 இல் புதிய முறையை இயக்கினார்கள். பழைய முறையையும் புதிய முறையையும் எல்லா ஊழியர்களுக்கும் ஒரேநேரத்தில் முழுமையாக ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. லயன்ஸ் இலிகிதர்களின் கணக்கோடு வைத்துப் பார்த்த அந்தப் படி இங்கே முழுதாக நடக்கவில்லை.

முதலாவது சம்பள நாளிலேயே குழப்பம் தொடங்கியது. சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூடுதல், சிலருக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக் கடன் கட்ட வேண்டியவர்களையும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே குடும்பம் நடத்துகிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். கூடுதலாகப் பெற்றவர்களுக்கும் நிம்மதி இல்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் பின்னால் வந்தது.

அந்தத் தேவைகளுக்குள் எது விட்டுப்போயிற்று? மென்பொருளின் உள்விவகாரம் ஒருபுறமிருக்க, வைத்தியசாலை நடக்கும் விதமே கணக்கில் எடுக்கப்படவில்லை. வைத்தியசாலையில் ரோஸ்டர் எழுதியபடி எந்தக் கிழமையும் நடப்பதில்லை. ஒருவருக்குச் சுகமில்லையென்றால் இன்னொருவர் வருவார். இருவர் ஷிப்டை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் மேலதிக நேரம் நிற்பார். முன்பு சம்பளப் பிரிவு உத்தியோகத்தர்கள் அந்தந்த மாவட்டத்தில், வேலை செய்வோருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். யார் எந்த வார்ட்டில், யாருடைய மாற்றம் வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். புதிய முறை வந்த அதே நேரத்தில் சம்பள வேலையையும் மையங்களில் குவித்தார்கள். திருத்தப் படிவங்கள் ஃபக்ஸில் போய்க் குவிந்தன. பழைய முறையின் பலவீனங்களை இத்தனை வருடமாக மூடிவைத்திருந்தது, அந்தப் பழகிய உத்தியோகத்தர்களின் அறிவு. அது எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்த கொப்பி அதுதான்.

இன்னொன்று. வேலை செய்த காலப்பகுதி முடிந்து மாற்றங்கள் எல்லாம் வந்துசேர முன்பே சம்பளத்தைப் போட வேண்டிய விதத்தில் சம்பளத் திகதி அமைந்திருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2012 இல்தான் சம்பளத் திகதியை ஒரு கிழமை தள்ளிவைத்தார்கள். சம்பள மேசையில் இருந்தவரிடம் 2007 இலேயே ஆற அமரக் கேட்டிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2012 இல் கே.பி.எம்.ஜி. நிறுவனம் கொடுத்த அறிக்கைப்படி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 92,000 அளவிலான படிவங்களைக் கையாள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சம்பளப் பிரிவு ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். கணினி வந்தது ஆட்களின் வேலையைக் குறைக்க. இங்கே அது கூட்டியது. எட்டு வருடக் காலத்துக்கான மொத்தச் செலவு சுமார் 1.2 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டார்கள். ஒரு கணக்காளர் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 6 மில்லியன் 1.2 பில்லியனாகிவிட்டது என்று சிலர் எழுதுவது சரியான ஒப்பீடல்ல. முன்னது ஒப்பந்த விலை. பின்னது சம்பளப் பிரிவை நடத்துவது உட்பட எல்லாச் செலவும். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் மிகப் பெரிய இழப்பு என்பதில் ஐயமில்லை.

ஓய்வுபெற்ற நீதியரசர் றிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைந்து, 2013 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. நாட்டின் பொது நிர்வாகத்தில் நடந்த மிக மோசமான தோல்விகளின் முன்வரிசையில் இதை அவர் வைத்தார். தேவையற்ற அவசரம், அரச அதிகாரிகளின் கவனக்குறைவு என்ற இரண்டையும் காரணமாகச் சொன்னார். அந்தக் கவனக்குறைவுக்கு அவர் முதலில் எடுத்துக்காட்டியது, என்ன வேண்டும் என்ற எல்லையை வகுத்த விதத்தைத்தான்.

நாம் கவனிக்க வேண்டியது

இரண்டு கதையிலும் இயந்திரத்தின் வலிமையை ஒப்பிட்டால், எங்கள் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசிக்கு முன்னால் லியோ ஒன்றுமே இல்லை. 2010 இல் குயின்ஸ்லாந்தின் கையில் இருந்தது உலகெங்கும் பயன்பட்ட மென்பொருள். ஆனாலும் தேநீர்க்கடை இலிகிதர்களுக்குச் சரியான சம்பளம் போனது. குயின்ஸ்லாந்துத் தாதியருக்குப் போகவில்லை. லயன்ஸில் கேட்பதற்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது, குயின்ஸ்லாந்தில் கேட்பதற்கு நேரம் இல்லை என்றார்கள் என்பதையே நான் முதல் வித்தியாசமாகப் பார்க்கிறேன். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், நேரமில்லையென்று தொடங்கிய அந்த வேலை திட்டமிட்டதை விட ஒன்றரை வருடத்துக்கு மேல் பிந்தியது. அந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை வார்ட்டுகளில் நின்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கலாம்!

நேயர்களே, எங்களில் எத்தனையோ பேர் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் வேலை செய்கிறோம். உங்கள் வேலையிடத்துக்குப் புதிய முறை வரும்போது, கையில் கொப்பியோடு ஒரு பிள்ளை வந்து உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கலாம். எங்களவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "எல்லாம் நல்லாப் போகுது, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். குறை சொல்பவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். ஆங்கிலத்தில் நீளமாகப் பேசத் தயக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழமையாக நடப்பதை முகாமையாளரே சொல்லிவிடுவார். வழமைக்கு மாறாக நடப்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். இரவு இரண்டு மணிக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்கிறீர்கள், விடுமுறை நாளில் படிவத்தை எங்கே வைக்கிறீர்கள், எந்தத் துண்டை யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் சம்பளமே அதில் தங்கியிருக்கலாம்.

கேட்கும் வேலையில் இருக்கும் இளையவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கூட்ட அறையில் இருப்பவர்களிடம் கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். அந்த வேலையைத் தன் கையால் செய்பவருக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுதும் நில்லுங்கள். எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். "இல்லைத் தம்பி, அப்படியில்லை" என்று அவர் திருத்துவார். ஒரு மென்பொருளில் மிக மலிவாகச் செய்யக்கூடிய திருத்தம் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஆகவே, "கேட்டு எழுதிறதுக்கும் சம்பளமோ?" என்று யாராவது கேட்டால், ஓம், எண்பதினாயிரம் பேருடைய சம்பளம் ஒழுங்காகப் போவதற்கு அந்த ஒரு சம்பளம் அவசியம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திக்கிறேன்.